58-க்குப் பிறகு இரண்டு வேலைகள்: சேலம் நூற்பாலை ஃபிட்டர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஓய்வு பெற்ற பிறகும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டால் பாதிப்பேர், "சும்மா உட்கார்ந்தா உடம்பு கெட்டுப்போகும், போகட்டும்" என்பார்கள். மீதிப்பேர், "உழைச்சது போதாதா, இந்த வயசிலுமா" என்பார்கள். சேலம் பக்கம் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கும் எனக்கு இரண்டு பேச்சும் பழகிப்போனவை. என்ன வேலை, எத்தனை மணி நேரம், பகலா இரவா என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. கேட்டால் பதில் மாறும். எங்கள் ரிங் ஃபிரேம் (பஞ்சு இழையை முறுக்கி நூலாக்கும் இயந்திரம்) பகுதியில் 37 வருஷம் இருந்த ஃபிட்டர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு இரண்டு வேலை பார்த்தார். முதல் வேலை அவரைப் படுக்க வைத்தது. இரண்டாவது வேலையில் தேறி எழுந்தார். ஆள் ஒருவரே, வயதும் ஏறக்குறைய ஒன்றே, நடுவில் சில மாதங்கள்தான். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆள், ஆலை, கையில் வந்த பணம்

அம்மாபேட்டைக்காரர், பிறந்தது 1965. அப்பா கைத்தறி நெசவு. 1986-ல் ஆலைக்கு எண்ணெய் போடும் வேலைக்கு வந்து, ஹெல்பராகி, ஃபிட்டரானார். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. 2023 ஜூனில் 58 முடிந்து ஓய்வு.

58 என்பது எங்கிருந்து வருகிறது என்று பலருக்கும் குழப்பம். தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனபோது எங்கள் தொழிலாளர்களும் ஆசையோடு வந்து கேட்டார்கள். தனியார் ஆலையில் அதைத் தீர்மானிப்பது நிலையாணையும் (ஆலையின் வேலை விதிகள்) தொழிற்சங்க ஒப்பந்தமும். எங்களுக்கு 58. ஆனால் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றதே தவிர, பெரியவர்களுக்கு மேல்வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. ஓய்வு பெற்றவரை மறுபடி எடுக்க அதில் தடை இருக்கவில்லை.

கிராஜுவிட்டி மூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. ஒரு வருஷத்துக்கு 15 நாள் கூலி என்று, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துப் போடும் கணக்கு. பி.எஃப். தொகை முழுவதையும் எடுத்தார். இளைய மகள் கல்யாணத்தில் அது கரைந்தது. பென்ஷன் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். 37 வருஷ உழைப்புக்கு இவ்வளவுதானா என்று அவரே என்னிடம் காகிதத்தை நீட்டிக் கேட்டார். 1995-ம் வருஷப் பென்ஷன் திட்டத்தில் கணக்கு அப்படித்தான்: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பர் வரை 6,500 ரூபாய், அதற்குப் பிறகுதான் 15,000. அவருடைய சேவையில் பெரும்பகுதி பழைய 6,500-ல் கழிந்தது.

இந்த இடத்தில் ஒரு யோசனையைப் பலரும் சொல்வார்கள். 58-ல் பென்ஷனை வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். விதி உண்மைதான். ஆனால் இவருக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷம் தள்ளினால் மாதம் முந்நூற்றுச் சொச்சம் கூடும். அதற்காக விட்டுக்கொடுப்பது தொண்ணூறாயிரத்துக்கு மேல். அதைத் திரும்பப் பிடிக்க இருபது வருஷம் தாண்டிவிடும். 58-லேயே வாங்கச் சொன்னேன். 58 ஆனதும் வேலையில் இருந்துகொண்டே இந்தப் பென்ஷனை வாங்கலாம். இது பலருக்குத் தெரியாமல், வேலைக்குப் போனால் பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு காகிதத்தையும் அப்போதே போட்டுக் கொடுத்தோம். ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்து ஓய்வு பெற்றவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவம் தொடரும். பின்னால் அவர் காலில் புண் வந்தபோது அதுதான் காப்பாற்றியது.

வீட்டில் இருந்த மாதங்கள்

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. பழனி போனார், மூத்த மகள் வீட்டில் தங்கினார். அப்புறம் சிக்கல். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே கொலுசுக்கு மணி கோத்துக் கொடுப்பவர். சேலத்தில் வெள்ளிப் பட்டறைகளை நம்பி இப்படி வேலை செய்யும் பெண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கூடத்தில்தான் அந்த அம்மா தட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இப்போது அந்தக் கூடத்தில் நாள் முழுக்க டி.வி.

"அஞ்சு மணிக்கே எந்திரிச்சுக் குளிச்சிட்டு வாசல்ல நிக்கறாருங்க சார். எங்க போறதுன்னு தெரியாம நிக்கறவரைப் பார்த்தா எனக்குக் கையே ஓடமாட்டேங்குது" என்றார் அந்த அம்மா.

மாத்திரையும் தவறியது. வேலைக்குப் போகிற காலத்தில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சாப்பாடு, சாப்பாட்டுக்கு முன் மாத்திரை என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போனது. இப்போது எதற்கும் குறித்த நேரமில்லை. எடை கூடியது. பேச்சு குறைந்தது.

முதல் வேலை

2023 தீபாவளிக்கு முன்னால், நகருக்குள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெற்ற தொழிலாளிக்குச் சேலத்தில் சுலபமாகக் கிடைக்கும் வேலை இதுதான். ஏஜென்சிக்காரர்கள் ஆதார் நகலும் போட்டோவும் கேட்பார்கள், மறுநாள் சட்டை கொடுப்பார்கள். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. வார விடுமுறை கிடையாது. ஒரு நாள் போகவில்லை என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். மாதம் பத்தாயிரம். இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை.

வேலை கடினம் என்று அவர் சொல்லவில்லை. ரிங் ஃபிரேமுக்கு அடியில் குனிந்து வளர்ந்தவருக்குக் கேட்டைத் திறந்து மூடுவது ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு வேறு கணக்குப் போட்டது. நடுராத்திரியில் டீயும் பிஸ்கட்டும். காலையில் வீடு திரும்பிச் சாப்பிட்டு, தகர ஷீட் போட்ட அறையில் பகல் தூக்கம். மார்ச் வந்ததும் அந்தத் தூக்கமும் போனது. சேலத்து வெயிலில் தகரத்துக்குக் கீழே யார் தூங்க முடியும்? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) 9-ஐத் தாண்டியது. அவர்கள் கொடுத்த ஷூ ஒரு அளவு சின்னது. இடது கால் சுண்டுவிரல் ஓரம் புண் வந்ததை அவர் உணரவே இல்லை. சர்க்கரையில் கால் மரத்துப்போனால் அப்படித்தான், வலி முன்கூட்டிச் சொல்லாது. சாக்ஸில் ஈரம் பட்ட பிறகுதான் பார்த்தார். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தினமும் கட்டுப் போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஆறியது. வேலை போய்விட்டது.

இன்னொன்றையும் அவர் சொன்னார், தயங்கித்தான் சொன்னார். "மில்லுல ஒரு ஸ்பிண்டில் சத்தம் மாறினா என்னைத்தான் கூப்பிடுவாங்க சார். அங்க ஆறு மாசத்துல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை." ஸ்பிண்டில் என்பது நூலை முறுக்கிச் சுற்றும் கதிர். தெரிந்த எதுவும் தேவைப்படாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் இருப்பது ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதைச் சர்க்கரை அளவுபோல் எழுதிவைக்க முடியாது. ஆனால் அந்த அம்மா கண்ணில் பட்டது. வீட்டில் சும்மா இருந்தபோதுகூட இவ்வளவு சோர்ந்து பார்க்கவில்லை என்றார்.

இரண்டாவது வேலை

2024 தொடக்கத்தில் எங்கள் ஆலையிலிருந்து இரண்டு ஃபிட்டர்கள் போய்விட்டார்கள், ஒருவர் திருப்பூருக்கு, ஒருவர் வளைகுடாவுக்கு. பழைய ரிங் ஃபிரேம்கள் சிலவற்றில் இழை அறுவது கூடிக்கொண்டே போனது. ஸ்பின்னிங் மாஸ்டர் என்னிடம் வந்து, "நம்ம மேஸ்திரியைக் கூப்பிடுங்க, பழைய மாதிரியே ஷிப்டுல போட்டுக்கலாம்" என்றார்.

பழைய மாதிரியே என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 59 வயது, சர்க்கரை, இப்போதுதான் ஆறிய கால். இவரிடம் ஆலைக்கு வேண்டியது தோளா, தலையா என்று கேட்டேன். தலைதான் என்றால் இரவு ஷிப்டுக்கு அவர் எதற்கு? மூன்று பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தானது: வாரம் நாலு நாள், காலை ஒன்பது முதல் இரண்டு வரை. இரவு வேலையும் கனம் தூக்குவதும் ஏணி ஏறுவதும் கிடையாது. ஸ்பிண்டில் சென்டரிங் பார்ப்பதும் இரண்டு பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் வேலை. மாதம் 14,000, ஒரு வருஷம், பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுவது.

பி.எஃப். முழுவதையும் ஓய்வின்போதே எடுத்துவிட்டதால் விதிப்படி அவர் மறுபடி சேர வேண்டிய கட்டாயமில்லை. இ.எஸ்.ஐ. உண்டு, சம்பளம் 21,000-க்குள் இருப்பதால். அவர் பங்கு 0.75 சதவீதம், மாதம் 105 ரூபாய். காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். செக்யூரிட்டி வேலையில் படுத்தபோது வந்தது பூஜ்ஜியம்.

சங்கத்தில் எதிர்ப்பு வந்தது, வரவேண்டியதுதான். "வயசானவரைத் திரும்ப எடுத்தா ஒரு பையனோட வேலை போச்சுங்க" என்றார் செயலாளர். ஓய்வு பெற்றவர்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டு நிரந்தர இடங்களை நிரப்பாமல் விடும் நிர்வாகங்கள் இருக்கின்றன. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால் காலியான இரண்டு இடத்தில் எதிலும் இவரைக் காட்டுவதில்லை, இவர் இருக்கிற காலத்தில் இரண்டு ஐ.டி.ஐ. பையன்களைப் பழகுநராக எடுக்க வேண்டும் என்ற வரி அந்தக் காகிதத்தில் சேர்ந்தது. இவரைத் திரும்ப எடுத்ததால்தான் அந்த இரண்டு பையன்களும் உள்ளே வந்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்துக்குப் பழகுநரை எடுத்து என்ன செய்வது?

அவர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதை ஒரு காலையில் கூடவே நின்று பார்த்தேன். ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குப் பதினாறாயிரம் சுற்று அளவில் சுழலும். ஸ்பிண்டில், அதைச் சுற்றியுள்ள ரிங், மேலே நூல் நுழைந்து வரும் கொக்கி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் நூல் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளரும், கடைசியில் அறும். அறுந்ததைச் சைடர் பெண் ஓடிவந்து ஒட்டுவாள். ஒட்டிய இடத்தில் மறுபடி அறும். புதுப் பையன் நேர்கோட்டைச் சரிபார்க்கும் கேஜை எடுத்துக்கொண்டு முதல் ஸ்பிண்டிலிலிருந்து வரிசையாக ஆரம்பித்தான். இவர் கேஜை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "முதல்ல நடந்து வா, கண்ணு." டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து, சுழலும் நூல் காற்றில் பலூன் மாதிரி உப்பி நிற்பதைக் காட்டினார். சரியான ஸ்பிண்டிலில் அந்த உப்பல் அசையாத கண்ணாடிபோல் நிற்கிறது. கெட்டதில் ஒரு ஓரம் மட்டும் நடுங்குகிறது. நானே பார்த்தேன், அவர் காட்டிய பிறகு. அந்த வரிசையில் நடுங்கியவற்றுக்கு மட்டும் சாக்பீஸால் கோடு போட்டார். வண்டி (ரிங் ஃபிரேமை ஆலையில் அப்படித்தான் சொல்வோம்) நின்றதும் கோடு போட்டவற்றை மட்டும் கேஜ் வைத்துச் சரி செய்தார்கள். போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்கினால் இறுகும்போதே கொஞ்சம் நகரும், அதையும் கணக்கில் வைத்துத் தட்ட வேண்டும். பையன் இரண்டு தடவை விட்டான், மூன்றாவது தடவை பிடித்தான்.

இழை அறுவது அடுத்த சில மாதங்களில் நன்றாகவே குறைந்தது. முழுப் பெருமையையும் அவருக்கே கொடுக்க முடியாது, இடையில் டிராவலரும் (ரிங்கின் மேல் நூலோடு ஓடும் சிறு கொக்கி) மாறியது, பஞ்சுக் கலவையும் மாறியது. ஆனால் கோடு போட்ட ஸ்பிண்டில்களை ஸ்பின்னிங் மாஸ்டர் தனியாகக் குறித்து வைத்திருந்தார். அவற்றில் அறுவது குறைந்தது இவர் கைவேலை.

உரசலும் இருந்தது. இப்போது ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவர் இவரிடம் ஹெல்பராக இருந்தவர், இன்றும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதத்தில் எல்லோர் முன்னிலையிலும் இவர் அவருடைய செட்டிங்கைத் திருத்தினார். அவர் முகம் சுருங்கிப்போனது. இருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினோம். உத்தரவு சூப்பர்வைசருடையது, இவர் பார்த்ததை நோட்டில் எழுதி மாஸ்டருக்குக் கொடுப்பது என்று முடிவானது. அடுத்த வாரமே இவர், "தம்பி, நீங்க சொல்லுங்க, எந்த வண்டியை முதல்ல பார்க்கட்டும்?" என்று கேட்டதைக் காதால் கேட்டேன். இப்படி இறங்கி வரத் தெரியாதவர்களுக்குப் பழைய இடத்துக்கே திரும்புவது ஒத்துவராது. அவர்கள் வேறு ஆலைக்குப் போவது நல்லது.

உடம்பு

மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒரு வருஷத்தில் 7.4-க்கு வந்தது. மருந்து மாறவில்லை. மாத்திரை நேரத்துக்குப் போனது, இரவுத் தூக்கம் திரும்பியது, ஆலைக்குள் நடப்பதே ஒரு நல்ல நடை. இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவதால் மதியச் சாப்பாடு வீட்டில், மனைவியோடு.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதே திசையில் பேசுகின்றன. அமெரிக்காவில் 1992 முதல் 2010 வரை 2,956 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. உடல்நலத்தோடு இருந்தவர்களில், ஒரு வருஷம் தாமதமாக ஓய்வு பெற்றவர்களுக்கு இறப்பு அபாயம் 11 சதவீதம் குறைவாக இருந்தது என்றது. பிரான்சில் சொந்தத் தொழில் செய்து ஓய்வு பெற்ற நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து இன்னொரு ஆய்வு 2013-ல் சொன்னது: கூடுதலாக வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் மறதிநோய் அபாயம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்தானே நீண்ட நாள் வேலைக்குப் போகிறார் என்ற கேள்வி இவற்றின் மேல் எப்போதும் நிற்கும். எங்கள் நிகழ்வு ஒரே ஒருவருடையது, அதை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனாலும் உடம்பு மோசமாக இருந்தபோது வேலைக்கு வந்து தேறியவர் இவர். அந்தக் கேள்வி இவரிடம் அவ்வளவாக ஒட்டவில்லை. செக்யூரிட்டி வேலையும் ஓய்வுக்குப் பிந்திய வேலைதான், அதில் சர்க்கரை ஏறியது என்பதையும் இந்த ஆய்வுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

காது மட்டும் கவலை. ரிங் ஃபிரேம் சத்தத்தில் 37 வருஷம். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது வரம்பு, பழைய பகுதிகள் அதை ஒட்டியே இருக்கும். வலது காதில் கேட்பது குறைந்திருப்பது பரிசோதனையில் தெரிந்தது. காது அடைப்பான் போடாமல் உள்ளே விடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். போட்டால் ஸ்பிண்டில் சத்தம் கேட்காது என்று முதலில் மறுத்தார். இப்போது கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்கிறார்.

பணத்தால் என்ன ஆனது

பென்ஷனும் சம்பளமும் சேர்ந்து பதினெட்டாயிரம். கிராஜுவிட்டியில் மீதமிருந்த இரண்டு லட்சத்தை வீட்டுச் செலவுக்குத் தொடவேண்டிய நிலை வரவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். 2025-ல் 60 முடிந்ததும் அதைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 4,100 ரூபாய். வேலை நின்ற பிறகும் அது வரும். மனைவி, மணி கோக்கும் வேலையை இன்னும் விடவில்லை. கூடம் திரும்பக் கிடைத்ததில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போக முடிந்தவருக்கு வழி கிடைத்தது என்பது, போக முடியாதவருக்குக் கிடைக்கும் பென்ஷன் போதும் என்று ஆகாது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் பஞ்சுத் தூசியை முழுங்கி நெஞ்சு கெட்டவர்கள் எங்களிடமே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அவர்களை மறுபடி ஆலைக்குள் அழைப்பது பாவம். 2014-ல் வைத்த மாதம் 1,000 ரூபாய்க் குறைந்தபட்சப் பென்ஷனில் அவர்கள் என்ன வாங்கித் தின்பார்கள்? ஓய்வுக்குப் பின் வேலை என்பது விரும்புகிறவர் எடுத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். பசி தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவதாக இருந்தால் அவர் முதலில் கிடைக்கும் இரவுக் காவலுக்குத்தான் போவார்.

இரண்டாம் வருஷம்

2025 ஜூனில் மறுபடி உட்கார்ந்து பேசினோம். அவர் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பார் என்று நிர்வாகம் தயாராக வந்தது. அவர் கேட்டது வேறு: நாலு நாளை மூன்றாக்குங்கள், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும். சம்பளம் அதற்கேற்பக் குறைந்தது, சரி என்றார். பையன்களில் ஒருவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். இன்னொருவன் நிரந்தர ஃபிட்டர் ஆகிவிட்டான், ஸ்பிண்டில் பார்ப்பதில் இப்போது மாஸ்டர் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். அவனுக்குக் கீழே புதிதாக ஒடிசாவிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். தமிழ் இன்னும் வரவில்லை. பெரியவர் அவன் கையைப் பிடித்துத்தான் காட்டுகிறார்.

இதைப் பார்த்து, நூலைக் கூம்பு வடிவக் கோன்களில் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்து வரும் வருஷம் ஓய்வு பெறப்போகிற ஓர் அம்மா என் அறைக்கு வந்து, "எனக்கும் அப்படி ஒரு காகிதம் போட்டுத் தருவீங்களா சார்?" என்று கேட்டார். முழங்கால் தேய்ந்தவர்; அவர் பார்த்தது எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. அதையே பாதி நேரம் கொடுத்தாலும் அவருக்குப் பயனில்லை. கோன்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் மேஜையில், உட்கார்ந்து செய்யும்படி, காலை நேரத்தில் மூன்று நாள் என்று எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த மேஜைக்குச் சரியான உயரத்தில் நாற்காலி இல்லை. முதலில் அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.